மூடியை எங்கே வைப்பது?

புதுமனை புகுவிழாக்களுக்குப் போனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பால் காய்ச்சி முடித்து, வந்தவர்கள் எல்லாரும் வரவேற்பறை விளக்குகளையும் சமையலறையின் கல் பலகையையும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது நான் குளியலறைக்குள் போய் அண்ணாந்து பார்ப்பேன். கூரைப் பலகையில் திறந்து மூடும் கதவு இருக்கிறதா, அது கழிவுக்குழாயைச் சுத்தம் செய்யத் திறக்கும் திருகு மூடிக்கு நேர்கீழே இருக்கிறதா, அல்லது விதிக்காக ஏதோ ஒரு மூலையில் வெட்டிவைத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் இலையில் உட்காருவேன். என் மனைவிக்கு இது பெரிய சங்கடம். “வீட்டைப் பார்க்க வந்தீர்களா, சாக்கடையைப் பார்க்க வந்தீர்களா?” என்று மின்தூக்கியில் இறங்கும்போது கேட்பாள். இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி. இந்தப் பதிவு அந்தக் கட்சிக்கான வாதம்.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான புளோக்குகளில் நம் குளியலறையின் கழிவு ஓடும் குழாய் தொங்குவது கீழ்வீட்டுக்காரரின் குளியலறைக் கூரையில். அவருடைய கழிவு அதற்கும் கீழ்வீட்டில். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் இறங்க மறுத்தது. பிளம்பர் மேலிருந்து ஸ்பிரிங் கம்பியை விட்டுப் பார்த்தார். அது டிராப்பின், அதாவது தண்ணீர் தங்கி நிற்கும் பொறியின், வளைவுக்கு அப்பால் போகவில்லை. கீழே போய்த் திறக்க வேண்டும் என்றார். கீழ்வீட்டு ஆன்ட்டி தனியாக இருப்பவர். அவருடைய மகன் ஆசையாகக் குளியலறையைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தார். குழாய்கள் தெரியக்கூடாது என்பதற்காகக் கூரை முழுவதும் வெள்ளைப் பலகை அடித்து, மூட்டுகளைப் பூசி, வண்ணம் தீட்டியிருந்தார்கள். கதவு மட்டும் இல்லை. குழாய்களை மறைக்கலாம், ஆனால் துப்புரவு செய்யும் வாயைத் திறக்க வழி விட வேண்டும் என்பது விதி. அந்த வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. அழகு கெட்டுவிடும் என்று விட்டிருப்பார்.

பலகையை அறுத்தார்கள். மூடி தரையைப் பார்த்துத் தொங்கியது. அதைத் திருகியதும் குழாயில் நின்றிருந்த அத்தனையும் வாளியைப் பாதியும் புதுத்தரையைப் பாதியுமாக நனைத்தது. ஆன்ட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து வாசலில் பரப்பினார். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பலகை மாற்றும் செலவை நான் ஏற்றுக்கொண்டேன், இந்த முறை கதவோடு. ஆனால் கேள்வி போகவில்லை. கழிவு என்னுடையது, கூரை அவருடையது, மறைத்தது மூன்றாம் ஆள், கம்பி விட்டு நனைந்தது நான்காம் ஆள். குழாயை வரைபடத்தில் வரையும்போது இந்த நால்வரில் யாரை மனத்தில் வைத்து வரைகிறார்கள்?

ஈசானிய மூலையில் ஒரு சேம்பர்

அக்காவும் அத்தானும் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு பழைய வரிசைத் தரைவீட்டை வாங்கித் திருத்திக் கட்டத் தொடங்கியபோது இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு மேடை கிடைத்தது. பின்கட்டில் ஒரு மாமரம். அதன் அடியில் இரும்பு மூடி போட்ட சேம்பர். வீட்டின் எல்லாக் கழிவுநீரும் அங்கே வந்து சேர்ந்து, அங்கிருந்து பின்னால் ஓடும் பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். பழைய சுட்டமண் குழாய்கள். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபோது ஒவ்வோர் இணைப்பிலும் மாமரத்தின் வேர் புகுந்திருந்தது தெரிந்தது. மனை எல்லைக்குள் இருக்கும் குழாய்களின் பராமரிப்பு வீட்டுக்காரரின் பொறுப்பு என்பதால், அத்தானின் பட்ஜெட்டில் அன்றைக்கே ஒரு புதிய வரி சேர்ந்தது.

தரைவீட்டைப் பெரிதாக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது பின்கட்டில்தான். சமையலறையைப் பின்சுவர் வரை இழுத்தார்கள். அதனால் சேம்பர் சமையலறைக்குள் வந்துவிட்டது. உள்ளலங்கார வடிவமைப்பாளர் அதன் மேலேயே தரைக்கல்லை ஒரே பரப்பாக ஓட்டியிருந்தார். “கீழே அது பாட்டுக்கு இருக்கட்டும், எல்லாமே புதுக் குழாய்தானே” என்றார். சேம்பர் எப்போதும் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி என்று நான் சொன்னேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பி வண்ணங்களைப் பற்றிப் பேசினார்.

இதற்கிடையில் வாஸ்து பார்ப்பவர் ஒருவரை அத்தானின் அம்மா அழைத்து வந்தார். அவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, சேம்பர் இருப்பது சரியாக ஈசானிய மூலை என்றும், வடகிழக்கில் கழிவு நிற்கவே கூடாது என்றும், தென்மேற்கு தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் மாற்றிவிடுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் இரண்டு வாரம் பேச்சு இதைப் பற்றித்தான். வாஸ்துவை நான் கேலி செய்யவில்லை. காற்று, வெளிச்சம் பற்றி அவர் சொன்ன சில விஷயங்கள் எனக்குப் பிடித்திருந்தன. ஆனால் கழிவுநீர் திசை பார்த்து ஓடுவதில்லை. பொதுக் குழாய் எங்கே, எந்த ஆழத்தில் இருக்கிறதோ அங்கேதான் அது போய்ச் சேர வேண்டும்.

அது ஏன் வீட்டின் பின்னால் ஓடுகிறது என்பதற்கு இந்த ஊரில் பழைய கதை ஒன்று உண்டு. வாளிக் கழிப்பறைகளின் காலத்தில் மலம் எடுப்பவர்கள் பின்வழியாக வந்து போக வேண்டியிருந்தது. 1907இல் வெளிவந்த டாக்டர் சிம்சனின் சுகாதார அறிக்கைக்குப் பிறகு கடைவீடுகளின் முதுகுக்குப் பின்னால் சந்துகள் திறக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். முப்பத்தாறு கதவுகள் கொண்ட லாரிகள் வாளிகளைச் சுமந்துகொண்டு தெருக்களில் ஓடியதை இன்றைய தாத்தாக்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த முறை முற்றிலும் நின்றது 1987இல்தான். வாளி போய்க் குழாய் வந்தது. பின்பக்கம் மட்டும் பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. நூற்றாண்டுப் பழக்கம் ஒன்றை ஒரு திசைகாட்டியால் மாற்ற முடியாது என்று அத்தானிடம் சொன்னேன். அவர் வேறு மாதிரி யோசித்தார். சேம்பரை வீட்டின் முன்பக்கத்துக்குக் கொண்டுபோனால் என்ன?

அதற்குப் பதில் வாட்டத்தில், அதாவது குழாயின் சரிவில் இருக்கிறது. பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று, ஆறு அங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று. அதாவது, 150 மில்லிமீட்டர் குழாய் 18 மீட்டர் நீளம் ஓடினால் கடைசியில் 30 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்ததை மறுபடியும் பின்னால் இருக்கும் பொதுக் குழாய்க்குத் திருப்பிக் கொண்டுவர இன்னொரு 30. பின்னால் இருக்கும் குழாயின் ஆழம் அவ்வளவுக்கு இடம் கொடுக்கவில்லை. சேம்பர் ஈசானியத்திலேயே நின்றது. வாஸ்துக்காரரின் பரிகாரம் என்னவென்று அத்தானின் அம்மா என்னிடம் சொல்லவில்லை.

வாட்டம் கூடினாலும் ஆபத்து, தண்ணீர் முந்திக்கொண்டு ஓடிவிடும், கனமானது பின்தங்கிவிடும் என்பது பல பிளம்பர்களின் நம்பிக்கை. அதை ஒப்புக்கொள்ளாத பொறியாளர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரு தரப்பும் சண்டை போடும் இடம் தவறு. வாட்டம் அதிகமா குறைவா என்பதைவிட, அது வழி நெடுக ஒரே சீராக இருக்கிறதா என்பதே முக்கியம். தாங்கிகளை அகலமாக விட்டுத் தொங்கவிட்ட குழாய் நடுவில் தொய்யும். தொய்வில் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடத்தில் எண்ணெய் படியும். வரைபடத்தில் தொய்வை யாரும் வரைவதில்லை.

சிவப்புப் பேனா

தளத்தில் குழாய் வேலைகளைக் கவனித்தவர் பட்டுக்கோட்டைக்காரர். இந்த ஊரில் பல வருடங்களாக இதே தொழில். அதிகம் பேசமாட்டார். வரைபடம் கைக்கு வந்த அன்று அதைச் சிமெண்டு மூட்டைகளின் மேல் விரித்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அண்ணே, இதில் அடைப்பு எங்கே?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. “குழாய் எங்கே போகிறது என்று எல்லாரும் வரைந்திருக்கிறார்கள். அடைத்துக்கொண்டால் எங்கே அடைக்கும் என்று யாரும் வரையவில்லை. பேனா இருக்கிறதா?”

என்னிடம் இருந்தது சிவப்புப் பேனா. அவர் குழாயை மேல்மாடிக் கழிப்பறையிலிருந்து தொடங்கித் தண்ணீர் போகும் வழியிலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். விரல் திரும்பிய இடத்தில் எல்லாம் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒன்று. செங்குத்துக் குழாய் கீழே வந்து படுக்கையாகத் திரும்பும் இடத்தில் சற்றுப் பெரிதாக ஒன்று. சமையலறைத் தொட்டியின் குழாய் அலமாரிகளுக்குப் பின்னால் ஓடிய நீளம் முழுவதற்கும் கோடாகவே போட்டுவிட்டார். பிறகு ஒவ்வொரு குறியையும் தொட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்: “இங்கே அடைத்தால் ஆள் எங்கே உட்கார்ந்து கம்பி விடுவான்?”

அதுவரை அந்த வரைபடத்தைப் பார்த்த ஐந்தாறு பேரும் அதில் தண்ணீரைத்தான் பார்த்தோம். அவர் அதில் ஓர் ஆளைப் பார்த்தார். கையில் சுருட்டிய கம்பியும் வாளியுமாக வருகிற ஆள். அவனுக்கு மண்டியிட இடம் வேண்டும், கையை நீட்டித் திருக இடம் வேண்டும், வேலை முடிந்ததும் கம்பியில் ஒட்டியிருப்பதோடு வெளியே போக ஒரு வழி வேண்டும். இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தபோது வரைபடம் பல இடங்களில் சிரிப்புக்கு உரியதாகிவிட்டது. செங்குத்துக் குழாயின் அடியில் இருந்த துப்புரவு வாய்க்கு ஒரு கதவு வரைந்திருந்தார்கள். விதிப்படி சரி. ஆனால் அந்தக் கதவு திறப்பது சாமி அறைக்குள்.

எங்கள் விதி, வாதம், விலை எதற்கும் அசையாத அக்கா அங்கே எழுந்துவிட்டாள். மேல்மாடிக் குளியலறையின் படுக்கைக் குழாய் சாமி அறைக் கூரையின் மேல் ஓடுகிறது என்பதும் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. வடிவமைப்பாளர் அன்றைக்கு வராமல் போனது அவருடைய நல்ல நேரம். அடுத்த சந்திப்பில் சாமி அறை இடம் மாறியது. செங்குத்துக் குழாய் படிக்கட்டுக்குக் கீழே உள்ள சாமான் அறையை ஒட்டி வந்தது. அதன் கதவு அந்த அறைக்குள் திறக்கும். அங்கிருந்து பின்வாசல் நான்கு எட்டு. மேலே குளியலறைச் சுவரை ஒரு சாண் நகர்த்தியதில் இரண்டு வளைவுகள் குறைந்தன. சுவரை நகர்த்த முடியும் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. குழாய்தான் சுவருக்கு வளைந்துகொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

டீ, ஒய், இரண்டு நாற்பத்தைந்து

பட்டுக்கோட்டைக்காரரிடம் பிறகு நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். படுக்கையாக ஓடும் கழிவுக் குழாயில் டீ (T வடிவ இணைப்பு) போடக்கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் எதிர்ச்சுவரில் முட்டி இரு பக்கமும் சிதறும். சிதறும் இடத்தில் கனமானது உட்கார்ந்துவிடும். ஒய் (Y வடிவ இணைப்பு) போட்டு 45 பாகை வளைவோடு சேர்த்தால் வருகிற தண்ணீர் போகிற தண்ணீரோடு கலந்து அதன் திசையிலேயே ஓடும். செங்குத்துக் குழாயின் அடியிலும் ஒரே தொண்ணூறு பாகை எல்போவுக்குப் பதில் இரண்டு நாற்பத்தைந்துகளை இடையில் சிறு துண்டு விட்டுப் போட்டார். சேம்பருக்குள்ளும் இதே கதைதான். அடியில் இருக்கும் அரைவட்ட வாய்க்காலோடு பக்கக் குழாய்கள் ஓட்டத்தின் திசையில் வளைந்து சேர வேண்டும். எதிரும் புதிருமாகக் கொட்டக்கூடாது.

எனக்குப் புதிதாக இருந்தது கம்பியின் சங்கதி. ஒய்யின் வாய் வழியாக விடும் கம்பி ஓட்டத்தின் திசையில்தான் போகும். மேல்நோக்கித் திரும்பாது. டீயின் வாயிலோ அது எந்தப் பக்கம் போகும் என்று விடுகிறவருக்கே தெரியாது. வடிவமைப்பாளரின் படத்தில் சமையலறைக் குழாய்க்கு ஒரே ஒரு துப்புரவு வாய், அதுவும் சேம்பருக்குப் பக்கத்தில், ஓட்டத்தைப் பார்த்த ஒய்யில். அதன் வழியாகச் சுத்தம் செய்ய முடிவது அங்கிருந்து சேம்பர் வரை உள்ள கொஞ்ச தூரம் மட்டுமே. அடைக்கப்போவதோ மறுமுனையில், தொட்டிக்குக் கீழே. தீபாவளிக்கு அக்கா வீட்டில் சமைக்கும் ஆட்டிறைச்சியின் கொழுப்பு இந்த ஊர் வெயிலிலும் உறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்கு மேல் உருகிவிடுவதால் அதைப் பற்றிக் கவலை குறைவு. கொழுப்பும் சோப்பும் சேர்ந்து படிவதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே வாயை ஓட்டத்தின் தொடக்கத்துக்கு நகர்த்தினோம். அதற்கு முன்னால் வரும் அலமாரியின் பின்பலகையை ஒட்டாமல் திருகாணியில் நிறுத்தச் சொன்னோம். தச்சருக்கு அது பிடிக்கவில்லை.

மூடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதிலும் அவருக்கு உறுதியான கருத்து இருந்தது. அடைத்த குழாயில் தண்ணீர் நிறைந்து நிற்கும். கீழ்நோக்கிய மூடியைத் திறந்தால் திறக்கிறவர் தலையில்தான் இறங்கும். கீழ்வீட்டு ஆன்ட்டியின் தரையை நினைத்துக்கொண்டேன். தரைவீட்டில் இடம் இருப்பதால் எல்லா வாய்களையும் மேல்நோக்கியோ சாய்வாகவோ வைக்க முடிந்தது. அடுக்குமாடியில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. அதனால்தான் அங்கே கதவாவது நேர்கீழே இருக்க வேண்டும் என்கிறேன்.

முன்வாசல் பக்கம் விருந்தினருக்கு ஒரு குளியலறை வேண்டும் என்று அத்தான் பிடிவாதம் பிடித்தார். தரையை ஒரு படி உயர்த்தி வாட்டம் கொடுத்தாயிற்று. எப்போதாவது புழங்கும் குளியலறையில் அடைப்பைவிட வறட்சிதான் தொல்லை. தரை டிராப்பில் நிற்கும் 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான் கழிவுக்குழாயின் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது. அது ஆவியாகிவிட்டால் தடை இல்லை. 2003இல் ஹாங்காங்கின் ஆமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300க்கும் மேற்பட்டோருக்குச் சார்ஸ் பரவியதற்கு வறண்ட டிராப்புகளும் ஒரு வழியாக இருந்ததாக அப்போது விசாரித்தவர்கள் சொன்னார்கள். கை கழுவும் தொட்டியின் நீரைத் தரை டிராப்புக்குள் விழும்படி இணைத்தால் யாராவது கை கழுவும்போதெல்லாம் அது நிரம்பிக்கொள்ளும். வீவக வீடுகளில் பலகாலமாக இருக்கும் எளிய உத்தி.

கார் நிற்கும் இடத்தின் தரைநீரையும் இந்தக் குளியலறைக் குழாயிலேயே சேர்த்துவிடலாமே என்று வடிவமைப்பாளர் கேட்டார். கூடாது. இங்கே மழைநீருக்குத் தனி வழி, கழிவுநீருக்குத் தனி வழி. முதலாவது வடிகால்களின் வழியாக நீர்த்தேக்கங்களுக்கு, இரண்டாவது சுத்திகரிப்பு ஆலைகளுக்கு. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்டி 2008இல் முடித்த ஆழ்சுரங்கத்திலும் கழிவுநீரை நகர்த்துவது வாட்டம்தான். அதில் மழையையும் கொட்டினால் தாங்காது.

கல் ஒட்டுகிறவர்கள் வரும் நாள்

எல்லாம் திட்டமிட்டுப் போட்டபின், புதுவீட்டுக் குழாயை முதலில் அடைப்பது பெரும்பாலும் சிமெண்டுதான். தரைக்கல் ஒட்டுகிறவர்கள் வாளியையும் கரண்டியையும் பக்கத்தில் இருக்கும் டிராப்பில் கழுவுவார்கள். சிமெண்டுத் தண்ணீர் முதல் வளைவில் போய் உட்கார்ந்து கல்லாகும். ஸ்பிரிங் கம்பிக்கு அது மசியாது. பட்டுக்கோட்டைக்காரர் எல்லா வாய்களையும் மூடி, டேப் சுற்றி, கழுவுவதற்கு வெளியே ஒரு டிரம் வைத்தார். தரை போடுவதற்கு முன் குழாயின் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்த்தார். நான் கைப்பேசியில் அளவுநாடாவை வைத்துப் படங்கள் எடுத்தேன். சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் எந்தக் குழாய் என்பது நாளை ஆணி அடிக்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

சமையலறைச் சேம்பருக்கு இரட்டை அடைப்புள்ள, காற்றுப் புகாத மூடி. தட்டுப் போன்ற அதன் மேற்பரப்பில் அதே தரைக்கல்லைப் பதிக்கலாம். பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு மெல்லிய சதுரக் கோடும் சாவி போடும் துளைகளும் தெரியும். விலை அதிகம். சாப்பாட்டு மேசையின் கால் அதன் மேல் வராதபடி மேசையைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர் கடைசி வரை அந்தக் கோட்டை ஒரு தழும்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சமையலறையில் பிடித்த இடமே அதுதான். நம் ஊர்ப் பக்கம் குழிக்குள் ஆளை இறக்கும் கொடுமையைப் பற்றி ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் கொதிக்கிறோம். 2013இல் சட்டமும் வந்தது. இங்கே ஆள் இறங்குவதில்லை, கம்பியும் நீர்ப்பீய்ச்சும் இயந்திரமும் வருகின்றன. ஆனாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வரத்தான் செய்கிறார். அவர் வந்து நிற்க வேண்டிய இடத்தைக் கல் போட்டு மறைத்துவிட்டு, பிறகு அவரையே அதை உடைக்கச் சொல்வது எந்த ஊர் நாகரிகம் என்று எனக்குப் புரியவில்லை.

வேலை முடிந்ததும் வடிவமைப்பாளர் புகைப்படக்காரரை அழைத்துவந்து வீடு முழுவதும் படம் எடுத்தார். போன மாதம் தம் பக்கத்தில் அவற்றை வெளியிட்டார். சமையலறைப் படத்தில் தரை ஒரே பரப்பாக இருக்கிறது. கோட்டையும் துளைகளையும் கணினியில் அழித்திருக்கிறார். அத்தான் அதன் கீழே ஏதோ எழுதப் போனார். அக்கா தடுத்துவிட்டாள்.